திரையோடு நிற்காத டெஸ்டர்

"சேமிக்கப்பட்டது" என்று திரையில் ஒரு வரி வந்ததும் ‘பாஸ்’ போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போகும் டெஸ்டர்கள் உண்டு. எனக்கு அது போதாது. ஃபைல் எங்கே விழுந்தது, எத்தனை பைட், வேறொரு ஆப்பில் திறக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பாஸ்.

அதற்கு முதலில் இடம் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘ஸ்டோரேஜ்/எமுலேட்டட்/0’ என்றொரு பாதை இருக்கிறது. எஸ்டி கார்டு என்று அழைத்தாலும் அங்கே கார்டு எதுவும் கிடையாது. போனின் உள்நினைவகத்தில் இருக்கும் ‘டேட்டா/மீடியா’ ஃபோல்டரைத்தான் வெளிச் சேமிப்பகம் போல சிஸ்டம் காட்டுகிறது. ஆகவே இதை வீடியோவால் நிரப்பினால் ஆப்பின் டேட்டாபேஸுக்கும் இடமிருக்காது. கடைசியில் வரும் 0 பயனரின் எண். ஆபீஸ் புரொஃபைல் போட்ட போனில் அது பெரும்பாலும் 10. பாதையைக் கோடில் நேரடியாக எழுதிவைத்த ஆப் அங்கே சிக்கும்.

இந்த வெளிச் சேமிப்பகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. பெரிய எழுத்தில் ஒரு பில், சின்ன எழுத்தில் அதே பெயரில் இன்னொரு பில் என்று சேமித்தால் முதல் பில் அழிந்துபோகலாம். ஆப்பின் அந்தரங்க ஃபோல்டரிலோ இரண்டும் தனித்தனியாக நிற்கும். உள்ளே ஓடியது வெளியே ஓடாததற்கு இது ஒரு காரணம்.

2019இல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த ஸ்கோப்டு ஸ்டோரேஜ், அடுத்த ஆண்டு 11இல் இறுகியது. ‘ஆண்ட்ராய்டு/டேட்டா’வுக்குள் ஒரு ஆப்பின் ஃபோல்டரை இன்னொரு ஆப் பார்க்க முடியாது, ஃபைல் மேனேஜருக்கும் இதே கதிதான். கணினியில் கேபிளைச் செருகி ஏடிபி ‘புல்’ கொடுத்தால் ஃபைல் கைக்கு வந்துவிடும். அந்தரங்க ஃபோல்டருக்கு ‘ரன்-ஆஸ்’ வேண்டும். அது டீபக் பில்டில்தான் வேலை செய்யும். எமுலேட்டரில் ரூட் தேவையென்றால் ப்ளே ஸ்டோர் உள்ள இமேஜை எடுக்காதீர்கள்; கூகுள் ஏபிஐ இமேஜ் போதும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸை எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் ‘வால்’ ஃபைலையும் சேர்த்து எடுங்கள். கடைசியாக எழுதிய பதிவுகள் பல நேரம் அதில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, டேட்டா காணவில்லை என்று டெவலப்பரோடு சண்டைக்குப் போவது வீண்.

எனக்குப் பிடித்த டெஸ்ட் ஒன்று: டவுன்லோட் ஃபோல்டரில் ஒரு பிடிஎஃப் சேமியுங்கள். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து, அதே பெயரில் இன்னொன்று சேமியுங்கள். ஆப்போடு அதன் சொந்த ஃபோல்டர்கள் போய்விடும். டவுன்லோடில் இருந்தது மட்டும் தங்கும். ஆனால் புதிதாக வந்த ஆப்புக்கு அந்தப் பழைய ஃபைல் சொந்தமில்லை. அதன்மேல் எழுத சிஸ்டம் விடாது. நல்ல ஆப் வேறு பெயரில் சேமிக்கும், அல்லது பயனரிடம் விஷயத்தைச் சொல்லும். மோசமான ஆப் எதையும் எழுதாமலேயே "சேமிக்கப்பட்டது" என்று காட்டும்.

அடுத்த பக் ரிப்போர்ட்டில் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாதீர்கள். பாதை, பயனர் எண், ஃபைலின் அளவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "என் போனில் ஓடுகிறதே" என்ற பதிலுக்கு அப்புறம் இடமிருக்காது.