மூன்று வாசல் மாளிகை

குளிப்பதற்கு மாளிகை எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் குழாயும் வாளியும் உள்ளவர்கள் கேட்கிற கேள்வி அது. மான்செஸ்டரில் ஒரு காலத்தில் உழைப்பாளிகளின் வீடுகளில் பெரும்பாலும் குளியலறையே கிடையாது. அந்த ஜனங்கள் குளிக்கவும் நீந்தவும் நகரசபை 1906-ல் திறந்ததுதான் விக்டோரியா ஸ்நான மண்டபம். செலவு சுமார் 59,000 பவுன். 'தண்ணீர் மாளிகை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

பெயர் பொய்யில்லை. சிவப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட செங்கல் முகப்பு. உள்ளே பளபளக்கும் பச்சை ஓடு பதித்த சுவர்கள். தரையில் மொசைக் மீன்கள். துருக்கிக் குளியல் முடித்தவர்கள் இளைப்பாறும் அறையில், வர்ணக் கண்ணாடியில் தூய்மையின் தேவதை ஒருத்தி நிற்கிறாள். அழுக்குப் போக வந்தவனை ராஜாவாக நடத்திய அந்த மனசை நான் மெச்சத்தான் செய்கிறேன்.

ஆனால் வாசலைப் பாருங்கள். ஒன்றல்ல, மூன்று. ஆண்கள் முதல் வகுப்பு, ஆண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. பெண்களுக்குள் வகுப்பு இல்லை. பெண் என்பதே ஒரு வகுப்பு! முதல் வாசலில் இருக்கிற அலங்காரம் மூன்றாவதில் இல்லை. அதுகூடப் போகட்டும். ஆரம்ப நாட்களில் புதுத் தண்ணீர் முதல் வகுப்புக் குளத்துக்குப் போகும், அவர்கள் நீந்திய பிறகு இரண்டாம் வகுப்புக்கு, கடைசியில் பெண்களுக்கு.

நீர்மேல் எழுத்து நிலைக்காது என்பார்கள். இங்கே அந்தஸ்தை நீரிலேயே எழுதினார்கள். அந்த எழுத்தைப் பெண்கள் உடம்பில் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இதற்குப் பதில் சொன்னவளும் ஒரு பெண்தான். 1933-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த சன்னி லௌரி இங்கே பழகியவர்.

1993-ல் நகரசபை மண்டபத்தை மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. பாழடைந்த கட்டடங்களில் எதைக் காப்பாற்றலாம் என்று பி.பி.சி. 2003-ல் டெலிவிஷனில் ஒரு போட்டி வைத்தது; ஜனங்கள் இதற்கே ஓட்டுப் போட்டார்கள். பழுதுபார்க்கப் பணம் வந்தது. தண்ணீர் வற்றிய பிறகு கட்டடத்தைக் காப்பாற்றியவை அந்த ஓடும் கண்ணாடியும்தான் என்பது என் எண்ணம். அழகுக்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

வாசல் எழுத்துக்களைச் செதுக்கி எடுக்காமல் விட்டதும் நல்ல காரியம். அழகைப் பார்க்க வருகிறவன் அதையும் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.