சூரியனும் அசைகிறது

பழத்தைப் பூமி இழுக்கிறது என்று விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, பழமும் பூமியை அதே பலத்தோடு இழுக்கிறது என்ற மறுபாதியை வெறும் சம்பிரதாயத்துக்காக முணுமுணுத்துவிட்டுப் போகிற பாடப்புத்தகங்களின்மேல் எனக்கு நெடுநாளைய மனத்தாங்கல் உண்டு. ஏனெனில், நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்து அதன் கோடுகளை அளப்பதையே ஜீவனமாகக் கொண்ட என்போன்றோரின் தொழில் முழுவதும் அந்த மறுபாதியை நம்பியே நடக்கிறது.

பலம் சமந்தான், அதனால் விளையும் சலனம் சமமன்று. சூரியனின் நிறை வியாழனுடையதைப்போல் ஏறத்தாழ 1,047 மடங்காகையால், வியாழன் விநாடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, சூரியனோ விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில், தன் மேற்பரப்புக்குச் சற்றே வெளியே அமைந்த பொதுமையத்தை ஏறக்குறைய 12 ஆண்டுக்கொருமுறை சுற்றி வருகிறது. தொலைவிலிருந்து இதை அளக்க விரும்புகிறவன், அந்த வேகத்தால் அலைநீளத்தில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு அளவே நிறமாலைக் கோடுகள் நகர்வதைக் கண்டுபிடிக்க வேண்டும். கருவி இருக்கும் அறையின் உஷ்ணம் இம்மி மாறினாலும் அதைவிடப் பெரிய பொய்நகர்வு தோன்றிவிடும் என்பதால்தான், ஒளியை அயோடின் ஆவி வழியே செலுத்தியோ, தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளை அருகே பதித்தோ நாங்கள் அளவுகோல் வைத்துக்கொள்கிறோம். பிரான்சின் ஓட்-பிரோவான்ஸ் வானாய்வகத்தில் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்தின் அசைவை அளந்து, 1995-இல் அதன் கிரகத்தை அறிவித்தனர். அந்தக் கிரகம் நாலே கால் நாளில் சுற்றிவருமளவு நெருங்கியிருந்து நட்சத்திரத்தை விநாடிக்கு ஐம்பது மீட்டருக்கும் மேலாக ஆட்டியது அவர்களுடைய பாக்கியம்.

இதில் எனக்கு எப்போதும் ரஸமாகத் தோன்றுவது வேறொன்று. அளக்கிற நாம் நிற்கும் பூமியும் அசைவற்றதன்று. அது சூரியனைச் சுற்றும் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தையும், தன்னைத்தானே சுற்றும் வேகத்தையும் கழித்த பிறகும், பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கே கொண்ட சந்திரன் அதனை விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் அலைக்கழிப்பது, வியாழன் சூரியனை ஆட்டுவதற்கு அநேகமாகச் சமமான அந்த ஆட்டம், கணக்கில் எஞ்சி நிற்கும். அதைக் கழிக்க மறந்தால், ராசிமண்டலத்தை அண்டிய நட்சத்திரங்களுக்கெல்லாம் நம் சந்திரனே மாதத்துக்கொருமுறை சுற்றும் கிரகம் ஒன்றைத் தாராளமாக அருளிவிடுவான்!

பூமியொத்த கிரகங்களைத் தேடுவோரின் பாடு இன்னும் கடினம். பூமி சூரியனை ஆட்டும் வேகம் விநாடிக்குச் சுமார் 9 சென்டிமீட்டரே. நட்சத்திரத்தின் மேற்பரப்பில் கொதித்தெழுந்து அமிழும் வாயுக்களின் சலனம் அதைவிடப் பன்மடங்கு அதிகமாகையால், கருவியைப் பற்றிய எங்கள் பழைய கவலை இப்போது நட்சத்திரத்தின் சுபாவத்தைப் பற்றிய கவலையாக மாறியிருக்கிறது.