ரெண்டு குழி பாக்கி

பேராவூரணி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமாவிடம் காட்ட வேண்டும் என்று அதைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

நேற்று போனில் நீ சொன்னது என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. "தென்னை காய்க்க ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நிற்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். குரலில் கோபம்கூட இல்லையேடா, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோயம்புத்தூர் போன நாலு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டாய். வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று சொன்ன மாதமே கிளம்பிவிடுகிறாய். பெண் வீட்டாருக்கும் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாய். சம்பளம் பற்றவில்லை என்று நீ சொல்வதை அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை.

எனக்கு 2018 நவம்பர் 16தான் ஞாபகத்துக்கு வருகிறது. கஜா புயல் ஓய்ந்ததும் தோப்புக்கு ஓடினோமே, அங்கே அவ்வளவு வானத்தை நாம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கணக்கெடுக்க வருகிறார்கள் என்றதும் நீதான் சுண்ணாம்புச் சட்டியோடு விழுந்த மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாய். 143. குருத்து முறிந்து தொங்கிய ஒரு மரத்தை மட்டும் இடது கையால் தடவிக்கொண்டே எழுதினாய். நிவாரணம் மரத்துக்கு 1100 ரூபாய், அதில் 500 வெட்டி அப்புறப்படுத்த. உனக்கு அப்போது வயது 17. வீட்டில் அழாதவன் நீ ஒருவன்தான். அழுதிருக்கலாம்டா.

நான் மட்டும் தப்பிவிட்டேனா? மேகம் கறுத்தால் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்புகிறேன், பட்டாவையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றுகிறேன். போன மாதம் கொஞ்சம் காற்றடித்ததற்கே உன் மருமகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். கஜா அடித்தபோது அவள் பிறக்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள். அன்றைக்கு என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

தாத்தா 1952 புயலில் கூரையையும் ரெண்டு மாட்டையும் பறிகொடுத்தவர். நமக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதைதானே. அந்தத் தோப்பை அவர் அதற்கப்புறம்தான் வைத்தார். பயம் விட்டுப்போய் வைத்தார் என்றா நினைக்கிறாய்? கடைசிவரைக்கும் காற்று வீசுகிற ராத்திரியில் அவர் படுத்ததே இல்லை, திண்ணையில் உட்கார்ந்தேதான் இருப்பார். உனக்கு நினைவிருக்கும்.

வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் வி.பி.எம்.3 தென்னங்கன்று பத்து வாங்கி வந்து நிழலில் வைத்திருக்கிறேன். 25 அடிக்கு ஒன்றாக, மூணடி ஆழத்தில் எட்டுக் குழி வெட்டியாகிவிட்டது. மீதி ரெண்டுக்கும் கயிறு பிடித்துக் குச்சி அடித்ததோடு விட்டுவிட்டேன். உன் பழைய மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டிருக்கிறது. பொங்கலுக்கு வந்து சேர்.

உன் அக்கா