மாதத்துக்கு ஒரு ஸ்பூன்

ராஜபாளையம் தாத்தாவுக்கு மாதத்துக்கு ஒரு ஸ்பூன் பால்கோவாதான். சர்க்கரை நோய் வந்த பிறகு பாட்டி போட்ட சட்டம். முன்பெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினால், ஆண்டாளைச் சேவித்துவிட்டு அரைக் கிலோ வாங்குவார். வீடு வந்து சேர்வதற்குள் பொட்டலத்தில் பாதி காலியாகியிருக்கும்.

“அப்போ தின்னேன். இப்பதான் ருசிக்கிறேன்” என்பார்.

நூற்பாலையில் பஞ்சின் தரம் பார்க்கும் வேலையில் 30 வருஷம் இருந்தவர். ஒரு பிடி பஞ்சை விரல்களால் இழுத்துப் பார்த்தே இழையின் நீளத்தைச் சொல்லிவிடுவார். பால்கோவாவையும் அப்படித்தான் சோதிப்பார். முதலில் நிறம். வெளுத்திருந்தால் பால் சரியாகச் சுண்டவில்லை, கறுத்திருந்தால் அடிபிடித்திருக்கிறது. அடுத்து வாசனை. ஏலக்காய் மூக்கைத் துளைத்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சுண்டிய பாலின் மணம்தான் முன்னால் வர வேண்டும். பிறகு விரலில் தேய்ப்பார். நெய் கசிய வேண்டும், மெல்லிய குருணை தட்டுப்பட வேண்டும். நாக்குக்குக் கடைசி இடம்தான்.

பிரான்ஸில் உயர்ந்த ரக ஒயினுக்குத் தரம் சொல்பவர்களும் நிறம், மணம், சுவை என்று இதே வரிசையில்தான் பார்ப்பார்கள். ருசி பார்த்ததும் துப்பிவிடுவார்கள் என்று பேரன் ஒருமுறை சொன்னான்.

“பால்கோவாவைத் துப்புறதா? பாவம்டா!” என்றார் தாத்தா.

அந்தப் பேரன், சென்னையில் வாங்கிய முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தான். கையில் ஒரு டப்பா. ‘ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று தங்க எழுத்து. வரும் வழியில் நெடுஞ்சாலைக் கடையில் வாங்கியதாம்.

அந்த மாதத்து ஸ்பூன் இன்னும் பாக்கி இருந்தது. வீடே பார்த்துக்கொண்டிருக்க, தாத்தா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். இனிப்பு சட்டென்று வந்து போனது. பிறகு பசை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“நல்லாருக்குடா” என்றார்.

ராத்திரி பாட்டி மெதுவாகக் கேட்டாள். “பொய்தானே சொன்னீங்க?”

“புள்ள மொத சம்பளத்துல வாங்கிட்டு வந்திருக்கான். என்னத்தைச் சொல்ல?”

அடுத்த அறையில் பேரன் தூங்கவில்லை.

காலையில் கொஞ்சம் பால்கோவாவை வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டான். கரைசல் நீலமாக மாறியது. மாவு கலந்திருந்தால்தான் அப்படி மாறும்.

“ஏன் தாத்தா சொல்லலை?”

“ஒரு பொய்யால யாருக்கு என்ன நஷ்டம்?”

“உங்க ஒரு ஸ்பூன் போச்சே, தாத்தா.”

தாத்தாவுக்குப் பதில் வரவில்லை.

அன்றே இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்கள். ஓர் அடுப்படியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் பால் கொதிக்க, ஒருவர் கை ஓயாமல் கிண்டிக்கொண்டிருந்தார். 10 லிட்டர் பாலும் ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் சுண்டிச் சுண்டி மூன்றரை கிலோ அளவுக்கு வந்து நிற்கும். வேறு எதுவும் சேர்ப்பதில்லை. இந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரை எவரும் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆனால் நெடுஞ்சாலைக் கடையில் டப்பாவைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

சூடாக இலையில் வாங்கியதைத் தாத்தா நிறம் பார்த்தார், முகர்ந்தார், விரலில் தேய்த்தார். பிறகு பேரனிடம் நீட்டினார்.

“என் கணக்கு இந்த மாசம் முடிஞ்சுபோச்சு. நீ தின்னுட்டு உள்ளதைச் சொல்லு.”

பேரன் வாயில் வைத்தான். அவசரப்படாமல் கண்ணை மூடினான்.

“கொஞ்சம் இனிப்பு தூக்கல், தாத்தா.”

தாத்தா சிரித்தார். “அப்படிச் சொல்லு!”