மட்காட்டின் பின்பக்கம்

9 ஜூலை 2024, செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில், பலேர்மோவின் வியா மெசீனா மரீனேயில் இறங்கி, மச்சான் வாங்கிய கேரவனைப் பார்த்தேன். அது நிற்கும் வளவுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு றோட்டுத்தான். இடப்பக்க மட்காட் விழப்போகும் பால்பல்லுப் போல ஆடுகிறது. முன்னர் வைத்திருந்தவர் கறுப்பு ரேப் சுற்றி, மேலே சிலிக்கோன் மெழுகி, விற்றுவிட்டுப் போயிருக்கிறார்.

"நாலு ஸ்குரூ முறுக்கினாச் சரிதானே, அத்தான்?"

ஆகஸ்டில் பிள்ளைகளோடு சான் வீத்தோ லோ காப்போவுக்குப் போகிற அவசரம் அவனுக்கு. முறுக்கிக் காட்டினேன். எல்லா ஸ்குரூவும் சும்மா சுற்றின. பிழை ஸ்குரூவில் இல்லை. அது கடிக்க வேண்டிய மரம் அங்கே இல்லை.

10 ஜூலை, புதன்

மட்காட்டைக் கழற்றியாயிற்று. கழற்றுவதற்கு ஐந்து நிமிஷம், சிலிக்கோனைச் சுரண்டுவதற்குப் பின்னேரம் முழுக்க. சிலிக்கோன் பூசிய இடத்தில் பிறகு பெயின்ற் ஒட்டாது, வேறு பசை ஒட்டாது, இன்னொரு சிலிக்கோன்கூட ஒழுங்காக ஒட்டாது. கேரவனில் அதைப் பூசுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதையே இல்லை.

இந்தப் பழைய வண்டிகள் உள்ளே மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. ஸ்குரூ ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, சில்லுக்கு மேலிருந்த சட்டம் ஊறிக் கறுத்துப்போயிருக்கிறது. ஸ்குரூட்றைவரால் குத்தினால் ஈரத் தேயிலைச் சக்கையாக வருகிறது. ஓட்டைகளைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அங்கே ஒரு சின்ன பற்றறி வேலைசெய்யத் தொடங்கிவிடும். அதில் கரைவது அலுமினியம். ஸ்குரூத் தலையில் கறள், தகட்டில் மாவு, இரண்டுக்கும் காரணம் உப்பு ஈரந்தான்.

ரயரின் பக்கச்சுவரையும் பார்த்தேன். கடைசி நாலு இலக்கம் 1409. அதாவது 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த ரயர். பூ தேயவில்லை, ஆனால் பக்கமெல்லாம் வெடிப்பு. ஓடும்போது ரயர் கிழிந்து அடித்தால் எந்த மட்காட்டும் மிஞ்சாது. இரண்டு ரயரையும் மாற்றச் சொன்னேன். மச்சானின் முகம் போன போக்கை எழுதத் தேவையில்லை.

13 ஜூலை, சனி

வியா கால்தெராய்க்குப் போனேன். செம்பு, தகர வேலைக்காரரின் பழைய தெரு. பானை, சட்டி எல்லாம் வாசலில் தொங்கும். ஒரு கடையில் முதியவர் ஒருவர் அலுமினியத் தகட்டில் எனக்கு நீளத் துண்டுகள் வெட்டித் தந்தார். எதற்கென்று கேட்டார். பின்னால் தாங்கு கொடுக்க என்றேன். விளிம்பை அரத்தால் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நீட்டினார். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் ஏ40 கார்களுக்கு பரல் தகரத்தில் மட்காட் அடித்த ஆட்களும் இப்படித்தான், கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்வார்கள்.

14 ஜூலை, ஞாயிறு

வேலை இல்லை. 1624 கொள்ளைநோயில் ஊரைக் காத்த சாந்தா ரொசாலியாவுக்கு இது 400ஆவது பெருவிழா. தேர் கடற்கரைப் பக்கம் இறங்கும்வரை நின்றோம். ஞாயிறுகளில் மொந்தே பெல்லெகிரீனோ ஏறி அவவின் குகைக்குப் போகும் எங்கள் சனத்தில் சைவக்காரரும் நிறைய. இன்றும் பொட்டும் சேலையுமாகக் கூட்டத்தில் நின்றார்கள்.

20 ஜூலை, சனி

அழுகியதை நல்ல மரம் தட்டுப்படும்வரை தோண்டி எடுத்து, ஒரு கிழமை காயவிட்டிருந்தேன். இன்று மரீன் பிளைவுட் துண்டை எபொக்சியில் தோய்த்து இறுக்கினேன். காய்ந்தபின் அலுமினியத் துண்டை அதன்மேல் தாங்காக வைத்து, பியூட்டைல் நாடா ஒட்டி, மட்காட்டை ஏற்றினோம்.

ஏற்றுவதற்கு முன் மட்காட்டின் ஓட்டைகளை நீள்வட்டமாக அராவினேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை: "ஆடுதெண்டுதானே கழட்டினனாங்கள்? திரும்ப ஓட்டையைப் பெருப்பிக்கிறியள்?"

மட்காட் பிளாஸ்ரிக். ஒரு மீற்றர் பிளாஸ்ரிக் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீற்றர்கூட நீளாது. போன வருஷம் ஜூலையில் இந்த ஊர் 47 டிகிரியைக் கண்டது. சுற்று மலைகள் எரிந்து விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த வெயிலில் நீள இடமில்லாத பிளாஸ்ரிக் ஸ்குரூவடியில் வெடிக்கும். நடு ஓட்டை ஒன்றை மட்டும் வட்டமாக விட்டேன். அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை நகரலாம். அகலத் தலை ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூ, கீழே வாஷர், கையால்தான் முறுக்கு. மெஷினால் முறுக்கினால் மரம் திரும்பவும் கிழியும்.

ஜாக்கில் தூக்கி வைத்தபடி இடைவெளியை அளந்து பிரயோசனமில்லை. சில்லைத் தரையில் விட்டு, தண்ணீர்க் கலன்களை உள்ளே ஏற்றி, பாரத்தோடு பார்த்தோம். ரயருக்கு மேலே நாலு விரல் தாராளமாக நுழைகிறது.

21 ஜூலை, ஞாயிறு

ஏ29 நெடுஞ்சாலையில் காஸ்தெல்லாமாரே வரை இழுத்துப் பார்த்தோம். கேரவன் இழுத்தால் நெடுஞ்சாலையில் 80தான் உச்சம். லொறிக்காரர் எல்லாரும் கோர்ண் அடித்துக்கொண்டு தாண்டினார்கள். 50 கிலோமீற்றரில் நிறுத்தி, புது ரயர்களின் நட்டுகளைத் திரும்ப இறுக்கினோம். இடப்பக்கம் அசையவில்லை.

வலப்பக்க மட்காட்டில் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். "அது நல்லா இருக்கு அத்தான், கை வைக்காதேங்கோ" என்றான். வெளியில் ரேப் இல்லை, ஆட்டமில்லை, பார்க்கவும் வடிவுதான். ஸ்குரூ வெளியே வந்தது. புரிகளுக்கிடையில் கறுத்த மரத்தூள், ஈரமாக. மச்சான் அதை வாங்கி விரலில் தேய்த்து மணந்து பார்த்தான். பிறகு போனை எடுத்து, சான் வீத்தோவில் பதிந்த இடத்தை ஒரு கிழமை தள்ளிப் போட முடியுமா என்று கேட்கத் தொடங்கினான்.