யான் வார்த்த அன்னம்

கல்லூரியிற் பயின்ற காலத்தில், இன்ன உலோகம் இன்ன வெப்பத்தில் உருகும் என்று தடையின்றி விடை கூறுவேன். அவ்விடையைக் கையாற் கற்பது எத்துணை அரிதென்பதைப் பல்லாண்டு கழித்து ஒரு சிறு பித்தளை அன்னம் எனக்கு உணர்த்திற்று. அதனை இம்மலரின் வாயிலாக நண்பர்கட்குச் சொல்ல விழைகின்றேன்.

சங்கரன்கோவிலில் உள்ள எங்கள் இல்லத்தில் என் அன்னையார் நாடோறும் ஏற்றிவந்த குத்துவிளக்கு ஒன்றுண்டு. அவர் மறைந்த ஆண்டில், வீடு மாறும்போது அது கீழே விழுந்து, உச்சியிலிருந்த அன்னம் கழுத்தொடிந்தது. புதிய அன்னம் ஒன்று வாங்கிப் பொருத்தலாம் என்றேன். தந்தையார் இசைந்திலர். "அவள் கைபட்ட பித்தளை வேறு, கடைப் பித்தளை வேறு" என்று கூறி, உடைந்த துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்தார். மூன்றாண்டு அவ்விளக்கு தலையின்றியே நின்றது.

அத்துண்டுகளையே உருக்கி அன்னம் வார்ப்பதென யான் துணிந்தேன். மெழுகால் உருவமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதே இம்முறை. 1926ஆம் ஆண்டில் மொகஞ்சதாரோவிற் கிடைத்த, ஏறத்தாழ 10.5 சென்டிமீட்டர் உயரமுள்ள நடன மங்கையின் உருவமும் இவ்வாறு வார்க்கப்பட்டதே. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இம்முறையிற் பிறந்தவையே. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தபதிகள் இன்றும் இதனைக் கையாளுகின்றனர்.

எங்கள் தெருவில் முதுமையால் தொழிலை விட்டிருந்த கன்னார் ஒருவர் எனக்கு வழிகாட்டினார். தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது கடலையெண்ணெயும் கலந்து காய்ச்சி, ஆறியபின் அன்னத்தை உருவாக்கினேன். உலோகம் உட்புகுவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் மெழுகாலேயே குழல்கள் ஒட்டினேன். மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பித்தளை வேண்டும். என் மெழுகு, குழல்கள் உட்பட, 40 கிராம். ஆகவே பித்தளை 360 கிராமும், சிந்துவதற்கெனச் சிறிது மிகுதியும் தேவைப்பட்டன. முதற்பூச்சுக்கு மிக நுண்ணிய மண் வேண்டும். எங்களூர்ச் சங்கரநாராயணர் கோயிலிற் புற்றுமண் பிரசாதமாக வழங்கப்படுதலைப் பலரும் அறிவர். யானோ ஊர்ப்புறத்துக் கறையான் புற்றொன்றின் மண்ணை அரித்தெடுத்து, உமிக்கரியோடு அரைத்துப் பூசினேன். அதன்மேல் மணல் கலந்த வயல்மண்ணை இருமுறை அப்பிக் கம்பியாற் கட்டினேன்.

"தம்பி, நிழலிற் பத்து நாளாவது காயட்டும்" என்றார் பெரியவர். நான்காம் நாளே மேற்புறம் வெடிப்பின்றி உலர்ந்திருந்தது கண்டு, என் விடுமுறை முடியுமுன் வேலையை முடிக்க விரைந்தேன். மெழுகு வடியும்வரை அனலிற் காட்டினேன். உள்ளே ஒன்றுமில்லையாதலின் ஈரமும் இல்லையென்று எண்ணினேன். பித்தளையை ஊற்றிய நொடியிலேயே அச்சு சீறி வெடித்தது. நீர் ஆவியாகுங்கால் 1,600 மடங்கிற்கு மேல் விரியும் என்பதைத் தேர்விலே எழுதி மதிப்பெண் பெற்றவன் யான்! முழங்கையிற் பட்ட தழும்பு இன்றும் உள்ளது. தந்தையார் ஒருசொல்லும் சொன்னாரல்லர். காயத்திற்கு மருந்திட்டபின், புறக்கடை மண்ணிற் சிதறிக் கிடந்த பித்தளைத் துளிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அதே துணியில் முடிந்தார். அக்காட்சியே புண்ணினும் மிக வருத்திற்று.

மெழுகும் அழிந்தது, அச்சும் அழிந்தது, பித்தளை மட்டும் எஞ்சிற்று. மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினேன். இம்முறை இருபது நாள் நிழலிற் காயவிட்டேன். பின்னர் வறட்டித் தீயில் அச்சு முழுதும் செந்நிறமாகும்வரை சுட்டேன். செம்பு உருக 1,085 பாகை வெப்பம் வேண்டும். அதனோடு கலந்த துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதிக்கும். ஆதலின் பித்தளையை அளவுமீறிக் காய்ச்சினால் வெண்புகை எழும். அது நுரையீரலுக்குத் தீங்கு. திறந்த வெளியிற் காற்றுக்கு முதுகுகாட்டி நின்று, தோற்கையுறையும் கண்காப்பும் அணிந்து, மூசையைக் குறட்டாற் பற்றிச் சூடான அச்சினுள் ஒரே சீராக வார்த்தேன். யாதொரு ஓசையும் எழவில்லை.

மறுநாட் காலை மண்ணை உடைத்தோம். கழுத்துச் சற்றே தடித்து, அலகு மழுங்கியிருந்தது. அன்னையார் விளக்கில் முன்பிருந்த அன்னத்தின் எழில் இதற்கில்லை. அரத்தால் தேய்த்து விளக்கில் ஏற்றினேன். தந்தையார் அதன் முதுகை நெடுநேரம் தடவிப் பார்த்து, "உருவம் உன்னுடையது, பித்தளை அவளுடையது" என்றார். அன்று மாலை அவரே திரியிட்டு ஏற்றினார்.

இக்கலையைத் தொடங்க விரும்பும் மாணவ நண்பர்கள், முதலில் 232 பாகையிலேயே உருகும் வெள்ளீயத்தைக் கொண்டு, தேர்ந்தார் ஒருவர் அருகிருக்கப் பழகுவார்களாக. அச்சு உலரும் நாட்களை எக்காரணத்தாலும் குறைக்கலாகாது. யான் குறைத்த அந்த ஆறு நாட்களின் விலையை, குனிந்த முதுகோடு செலுத்தியவர் என் தந்தையார்.