இடப்பக்கம் சாய்ந்த நாதஸ்வரம்

டில்லியில் வாழும் நம்மவர்க்கு நவம்பர்த் திங்கள் என்றால் பிரகதி மைதானத்துப் பொருட்காட்சிதான். 2024-ஆம் ஆண்டு நாமும் குடும்பத்தோடு சென்றிருந்தோம். இல்லாள் மாநில அரங்குகளில் சேலை பார்க்கச் சென்றாள். நாம் மின்னணுக் கருவிகள் வைத்திருந்த கடைகளில் ஹெட்போன்களை மாட்டிப் பார்க்க நழுவினோம். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாத பொருளைக் காசின்றி அனுபவிக்க அதைவிட நல்ல இடம் ஏது?

24,990 ரூபாய் விலைச்சீட்டுத் தொங்கிய ஒன்றைக் கடை இளைஞர் நம் தலையில் மாட்டினார். விசையைத் தொட்டதும், கதவைச் சாத்தினாற்போல அரங்கின் இரைச்சல் அடங்கிற்று. வெளியோசையைச் சிறு மைக்குகள் பற்றித் தர, அதற்கு நேர்மாறான அலையைக் கருவி எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுகிறது. 1978-இல் விமானத்தில் பறந்துகொண்டிருக்கையில் அமர் போஸ் இதற்குக் கணக்குப் போடத் தொடங்கினாராம். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மைந்தர் அவர். ஆயினும் பக்கத்துக் கடைக்காரர் கூவியது மட்டும் கேட்டது. சீரான உறுமலை அடக்குமளவுக்கு மனிதர் குரலை அடக்க இக்கருவிக்கு இயலாது.

சோதனைக்கென, கைப்பேசியிலிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை ஒலிக்கவிட்டோம். 1964-இல் மறைந்த மேதை. நம்மிடமிருந்தது ஒற்றைத்தட ஒலிப்பதிவு. இரு செவிக்கும் ஒரே ஒலி செல்வதால் வாத்தியம் தலையின் நட்டநடுவில் நின்று ஒலிக்க வேண்டும். அதுவோ இடப்பக்கம் சாய்ந்து ஒலித்தது.

“வலப்புறம் பழுது” என்று சற்று மிடுக்காகவே கூறினோம். இளைஞர் ஒன்றும் பேசாமல் ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினார். பழுது கருவியிலிருந்தால் நாதஸ்வரம் இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அஃது இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் வேறொன்றை எடுத்தார். வேண்டாமென்று கைகாட்டிவிட்டோம்.

காஜியாபாத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து போகையில், எட்டு ஆண்டுகளாக வலக்காதில் மட்டும் இயர்போன் செருகிப் பாட்டுக் கேட்டு வந்தோம். இடக்காது நிலைய அறிவிப்புக்கு, ரயில்காரரல்லவா! வண்டியின் இரைச்சலை மீற ஒலியை முழு அளவுக்கும் கூட்டுவோம். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைப் பின்னரே படித்தோம். நம் கணக்கு வாரம் 12 மணி நேரம்.

காது வைத்தியர் எடுத்த வரைபடத்தில், வலச்செவிக்குரிய கோடு உயர்ந்த சுருதிகளில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. உட்செவியின் நுண்மயிரணுக்கள் மாண்டால் மீண்டும் முளைப்பதில்லை என்றார்.

வலப்புறமிருந்து அழைத்தால் நாம் திரும்புவதில்லை என்று இல்லாள் ஓராண்டாகக் குறைகூறி வந்தாள். அது கணவன்மார்க்குரிய சலுகை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவளும் அவ்வாறே எண்ணிச் சினந்திருக்கிறாள். டிக்கெட் கவுண்டரில், ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லக்கூடாதா என்று எத்தனை பயணிகளைக் கடிந்தோமோ!

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மட்டும், இரகசியம் சொல்ல எப்போதும் நம் இடப்பக்கமே வருகிறாள். ஏனென்று ஒரு நாள் கேட்டோம்.

“அந்தக் காதில் சொன்னால் நீங்கள் சிரிப்பதில்லையே, அப்பா” என்றாள்.